பட்டறைத் திண்ணை: துணைக்கு ஆள் இல்லாமல் புல்லட்டுக்கு டைமிங் வைக்கலாமா?

போன இதழில் பவர் டில்லர் கிளட்ச் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே இன்லேண்ட் லெட்டரில் நெருக்கி நெருக்கி எழுதிய ஒரு கடிதம் இருந்தது. டில்லரைப் பற்றியது அல்ல. ஆனால் படித்ததும் இந்த முறை இதற்குத்தான் பதில் என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்வி: "அப்பா வைத்துவிட்டுப் போன பழைய புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. பாயின்ட் மாடல். தினமும் விடியற்காலை இரண்டு கேன் பால் ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போவது அதில்தான். போன மாதம் பாயின்ட் தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கி நானே மாட்டினேன். அன்றிலிருந்து கிக்கர் திருப்பி அடிக்கிறது. போன வாரம் அடித்த அடியில் வலது கணுக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பாயின்ட் வண்டிக்கு டைமிங் வைக்கத் தெரிந்த ஒரே மெக்கானிக்கும் காலமாகிவிட்டார். இப்போதுள்ள பையன்களுக்கு அது தெரியவில்லை. டைமிங் வைக்க இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டில் வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு இல்லை. ஒற்றை ஆளாக டைமிங் வைக்க வழி உண்டா?"
- ஆரணி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்டு அண்ணே. நிதானமாகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: டைமிங் சரியாகும்வரை அந்தக் கிக்கரைத் தொடாதீர்கள். இன்றைக்குக் கணுக்கால் வீக்கத்தோடு போனது. அடுத்த அடியில் எலும்பு முறியலாம். பாலை நாலு நாள் பக்கத்து வீட்டு வண்டியில் அனுப்புங்கள்.

இரண்டு பேர் வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானே அந்த இரண்டாவது ஆளாக இருந்தவன். எங்கள் அப்பாவும் புல்லட் வைத்திருந்தார். டைமிங் வைக்கும்போது அவர் பின் சக்கரத்தைச் சுற்றுவார். நான் பாயின்ட் பக்கம் குத்துக்காலிட்டு பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாயின்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். "எரியுது" என்று நான் கத்த வேண்டும். ஒருநாள் தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது. கண் அங்கே போய்விட்டது. நான் கத்தியது கொஞ்சம் தாமதம். பாயின்ட் தாமதமாகத் திறக்கிறது என்று நினைத்த அப்பா, முன்னதாகத் திறக்கும்படி தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அன்று சாயந்திரம் கிக்கர் அவர் முழங்காலுக்குக் கீழே அடித்த அடியில் ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நான் பராக்குப் பார்த்ததை அவரிடம் கடைசி வரை சொல்லவே இல்லை.

அதனால் சொல்கிறேன். துணைக்கு ஆள் இல்லை என்று கவலைப்படாதீர்கள். இந்த வேலையில் கவனம் சிதறும் துணையைவிட, சத்தம் போடும் ஒரு மல்டிமீட்டர் மேல். மோட்டார் வயர் பார்க்க நம்மில் பலர் வீட்டில் வைத்திருக்கும் அதே மீட்டர்தான். அதில் 'பீப்' சத்தம் வரும் இடத்தில் திருகை வைத்தால், பாயின்ட் மூடியிருக்கும்வரை கத்தும். திறந்த நொடியில் நின்றுவிடும். காது பாயின்ட்டைக் கவனிக்கும், கண் டிகிரியைக் கவனிக்கும், கை சக்கரத்தைச் சுற்றும். ஆக, ஒரே ஆள் போதும்.

ஏன் திருப்பி அடிக்கிறது?

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விழுவதில்லை. கலவை எரிந்து முடிய நேரம் வேண்டும் என்பதால் உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழ வேண்டும். எஞ்சின் வேகமாக ஓடும்போது இன்னும் முன்னால் விழ வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் உள்ளே எடைக்கட்டியும் ஸ்பிரிங்கும் சேர்ந்த 'ஆட்டோ அட்வான்ஸ்' இருக்கிறது. கிக்கர் மிதிக்கும்போது எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றும். அந்த நேரத்தில் பொறி ரொம்ப முன்னால் விழுந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும். எஞ்சின் பின்னோக்கித் திரும்பும். அந்த வேகம் நேராக உங்கள் காலுக்கு வரும்.

உங்கள் வண்டியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். புது பாயின்ட் போட்டபோது இடைவெளியைக் கண் மதிப்பில் வைத்திருப்பீர்கள். இடைவெளி அகலமானால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், பொறியும் முன்னதாக விழும். இடைவெளி குறைந்தால் இதற்கு நேர்மாறு. பழைய பாயின்ட்டின் குதிகால் தேய்ந்து தேய்ந்து டைமிங் பின்னால் போயிருக்கும். அதை ஈடுகட்ட யாரோ எப்போதோ தட்டை முன்னால் நகர்த்தி வைத்திருந்தால், தேயாத புது பாயின்ட் வந்ததும் இரண்டும் சேர்ந்து டைமிங் ரொம்பவே முன்னால் போயிருக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் இடைவெளி, பிறகு டைமிங். மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண்.

வேண்டிய சாமான்கள்

ஃபீலர் கேஜ் ஒன்று. மல்டிமீட்டர் ஒன்று. பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானி ஒன்று. கெட்டி அட்டை. கம்பித் துண்டு. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று. லேத் பட்டறையில் கொடுத்து, பிளக்கின் பீங்கானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு போல்ட்டை இறுக்கி, முனையை உருண்டையாக்கித் தரச் சொல்லுங்கள். முனை பித்தளையாக இருந்தால் இன்னும் நல்லது, பிஸ்டனில் கீறல் விழாது. பிஸ்டனை உச்சிக்கு வரவிடாமல் பாதியில் நிறுத்தும் முளை இது.

சிலர் பிளக் துளை வழியே ஸ்போக் கம்பியை விட்டு 0.8 மி.மீ. அளந்து வைப்பார்கள். புல்லட்டில் பிளக் சாய்வாக இருப்பதால் கம்பியும் சாய்வாகத்தான் இறங்கும். முடிக் கனத்துக்கு அளக்க வேண்டிய இடத்தில் அது ஏமாற்றிவிடும். அட்டை வட்டமே நம்பகம்.

முதல் வேலை: பாயின்ட் இடைவெளி

சாவியை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் எஞ்சின் தற்செயலாகக்கூட ஓடாது, சக்கரமும் லேசாகச் சுற்றும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு டாப் கியரில் வையுங்கள். பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் எஞ்சினும் சுற்றும்.

பாயின்ட் மூடியைத் திறந்து, கேம் முழுதாகத் தூக்கி பாயின்ட் மிக அகலமாகத் திறக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேஜ் தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது பாயின்ட் முகத்தில் ஒட்டும். துணியால் துடைத்த பிறகு நுழையுங்கள்.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். கேமை அது சுழலும் திசையிலேயே விரலால் கொஞ்சம் திருகிவிட்டு விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து 'டக்'கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ திரும்பாமல் நின்றுவிட்டாலோ ஆட்டோ அட்வான்ஸ் சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டைமிங்கை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் கிக்கர் அடிக்கத்தான் செய்யும்.

இரண்டாவது வேலை: உச்சியைக் கண்டுபிடிப்பது

இடது பக்கக் கால்மிதியையும் பெடலையும் கழற்றி, பிரைமரி செயின் மூடியை எடுங்கள். ஒற்றை நட்டில் நிற்கும் மூடி அது. எண்ணெய் வடியும், கீழே ஒரு தட்டு வையுங்கள். உள்ளே கிராங்க் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டரும் அதன் நட்டும் தெரியும். பாகைமானியை வைத்து அட்டையில் 360 டிகிரி வட்டம் வரைந்து, நடுவில் அந்த நட்டின் ஆறுபட்டை அளவுக்கே துளை வெட்டி இறுக்கமாகச் செருகுங்கள். வழுக்கினால் டேப் ஒட்டுங்கள். கம்பித் துண்டை ஏதாவதொரு போல்ட்டில் கட்டி, முனை வட்டத்தைத் தொடுவது போல வளைத்தால் அதுதான் முள். வேலை முடியும்வரை முள் ஒரு நூல்கூட அசையக் கூடாது.

இப்போது பிளக் துளையில் முளையைத் திருகுங்கள். சக்கரத்தை முன்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் முளையில் முட்டி நிற்கும். முள் காட்டும் இடத்தில் அட்டையில் ஒரு கோடு போடுங்கள். பிறகு பின்னோக்கிச் சுற்றுங்கள். ஏறக்குறைய ஒரு சுற்று வந்து மறுபடி முட்டும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடு மையம்தான் பிஸ்டனின் உச்சி. இரண்டு முறையும் தட்டினாற்போல முட்ட வேண்டும், அவ்வளவுதான். கிக்கரால் மிதிக்கவே கூடாது. பலத்தைக் காட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

உச்சியைக் குறித்ததும் முளையைக் கழற்றி, மறக்காமல் டூல் பாக்ஸில் போடுங்கள். முளையோடு கிக்கர் மிதித்து பிஸ்டனை உடைத்தவர்கள் உண்டு.

மூன்றாவது வேலை: டைமிங்

புல்லட் 350-க்குச் சொல்லப்படும் அளவு, ஆட்டோ அட்வான்ஸ் விரியாத நிலையில் உச்சிக்கு முன் 0.8 மி.மீ. இந்த எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 0.8 மி.மீ. என்பது கிராங்கில் சுமார் 10 டிகிரி வருகிறது. முன்னோக்கிச் சுற்றும்போது உச்சிக் கோட்டுக்கு 10 டிகிரி முன்னால் முள் வந்து நிற்கும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள்.

காயிலில் இருந்து பாயின்ட்டுக்கு வரும் வயரைக் கழற்றிவிடுங்கள். இதை மறந்தால், பாயின்ட் திறந்த பிறகும் காயில் வழியாகச் சுற்றிப் போய் மீட்டர் கத்திக்கொண்டே இருக்கும். நிறைய பேர் ஏமாறும் இடம் இது. மீட்டரின் ஒரு முனையை முதலைக் கிளிப்பால் பாயின்ட் ஸ்பிரிங்கிலும், இன்னொரு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டுங்கள். வயரைக் கழற்றியும் சத்தம் நிற்கவே இல்லை என்றால், பாயின்ட்டின் ஃபைபர் வாஷர் மாறி உட்கார்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஆனால் உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்பதால் அந்தத் தொல்லை இருக்காது.

பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் அமுக்கும் ஏற்றத்தில் வருகிறது என்று அர்த்தம். அந்த ஏற்றத்தில்தான் பாயின்ட் திறக்கும். சிவப்புக் கோட்டுக்கு 40 டிகிரி அளவு பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து முன்னோக்கி மட்டும் மெதுவாக வாருங்கள். பல் சக்கரங்களுக்கு நடுவே உள்ள லூஸ் ஒரே பக்கமாக ஒதுங்குவதற்குத்தான் இது. கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்காதீர்கள். திரும்பவும் 40 டிகிரி பின்னால் போய் முதலிலிருந்து வாருங்கள்.

சத்தம் நின்ற இடத்தில் சக்கரத்தை நிறுத்தி முள்ளைப் பாருங்கள். சிவப்புக் கோட்டில் இருந்தால் சரி. கோட்டுக்கு வருவதற்கு முன்பே, 15 அல்லது 20 டிகிரியிலேயே நின்றுவிட்டால் டைமிங் முன்னால் இருக்கிறது. உங்கள் வண்டியில் இப்படித்தான் காட்டும் என்பது என் ஊகம். பாயின்ட் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு தூண் போல்ட்டுகளைத் தளர்த்தி, கேம் சுழலும் திசையிலேயே தட்டைக் கொஞ்சம் திருப்புங்கள். டைமிங் பின்னால் போகும். கோட்டைத் தாண்டிய பிறகு சத்தம் நின்றால், கேமுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். கேம் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் கிராங்கில் 6 டிகிரி மாற வேண்டுமானால் தட்டு 3 டிகிரி நகர்ந்தால் போதும். ஒரு நெல் கனம் நகர்த்தி, இறுக்கி, திரும்பப் பாருங்கள்.

இறுக்கும்போது தட்டு நகரும். அதனால் இறுக்கிய பிறகு வருவதுதான் கணக்கு. மூன்று முறை அளந்து மூன்றும் ஒரே இடத்தில் வந்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் காட்டினால் பாயின்ட் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். அப்போது புஷ் மாற்றாமல் எந்த டைமிங்கும் நிற்காது. கடைசியாக இடைவெளியை இன்னொரு தரம் பாருங்கள். வயரை மாட்டுங்கள், அட்டையை எடுங்கள், மூடியைப் போட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள்.

முதல் உதை

கால் குணமான பிறகு, செருப்போடு அல்ல, கணுக்காலை மூடும் ஷூவோடு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கர் கனத்து நிற்கும் இடத்தில் முள் நடுவுக்கு வந்தால் பாயின்ட் திறந்துவிட்டது. அங்கே டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் கீழே இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் கனத்தோடு முழுதாக ஓர் உதை. அரை மனதாக மிதிப்பதும் பாதியில் காலைத் தளர்த்துவதும்தான் டைமிங் சரியான வண்டியையும் திருப்பி அடிக்க வைக்கும்.

ஓட்டிப் பாருங்கள். பால் கேனோடு பாலத்து மேட்டில் ஏறும்போது 'கணகண' என்று உலோகச் சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. இழுவை இல்லாமல் சைலன்சர் பைப் அளவுக்கு மீறிச் சூடானால் பின்னால் போய்விட்டது. இரண்டும் இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இதே விஷயத்தில் இன்னும் இரண்டு கேள்விகள்

கேள்வி: மல்டிமீட்டர் இல்லை. பல்பு வைத்துத் தனியாகச் செய்ய முடியாதா?
- திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முடியும். காயில் வயரைக் கழற்றாமல், மீட்டர் போலடில் இருக்கும் சின்ன பல்பின் ஒரு வயரைப் பாயின்ட் ஸ்பிரிங்கிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் மாட்டிச் சாவியைப் போடுங்கள். பாயின்ட் திறந்ததும் எரியும். வயரை நீளமாக விட்டு பல்பை அட்டை வட்டத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டால் ஒரே பார்வையில் இரண்டும் தெரியும். ஹெட்லைட் பல்பு ஆகாது. காயில் வழியாக வரும் கரண்ட்டில் அது சரியாக எரியாது. 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு, 12-க்கு 12. இந்த முறையில் நிஜமாகவே பொறி விழும் என்பதால், பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, பிளக் துளைக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளி எஞ்சின் இரும்பைத் தொடும்படி வையுங்கள். சாவியைப் போட்டபடி டீ குடிக்கப் போகாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

கேள்வி: பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் போட்டால் இந்தத் தலைவலி விட்டதா?
- தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பாதி விடும். தேயும் பாயின்ட் இல்லாததால் டைமிங் அடிக்கடி மாறாது. ஆனால் மாட்டும் அன்றைக்கு டைமிங் வைத்தே ஆக வேண்டும். அதற்கும் உச்சியைக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். பாட்டரி இறங்கிக் கிடக்கும் வண்டிக்கு எலெக்ட்ரானிக் ஒத்துவராது. முதலில் சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள். பாயின்ட் கெட்டால் நடுவழியிலும் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் கெட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். தினமும் ஓடும் வண்டியா, பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் வண்டியா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆரணி அண்ணனுக்குக் கடைசியாக ஒன்று. மகன் லீவுக்கு வரும்போது அந்த அட்டை வட்டத்தை எடுத்துக் காட்டி, அவனையே ஒரு தரம் முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். உங்கள் பக்கத்தில் டைமிங் வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த பொங்கலுக்குள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். அட்டையில் முதல் தடவை எத்தனை டிகிரி காட்டியது என்பதை மட்டும் எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். என் ஊகம் சரியா என்று தெரிய வேண்டும்.

அடுத்த இதழில்: ஸ்டார்ட் ஆக மறுக்கும் கைத்தெளிப்பான் எஞ்சின்.